நிலவு ஒரு முட்டையாமே!

"கதைதானே! கதைக்குப் போய்க் கணக்குக் கேட்கலாமா?" என்றனர் ஒரு சாரார். "கணக்கை முதலில் எடுத்தது யார், நாங்களா, கதை எழுதியவரா?" என்று திருப்பிக் கேட்டனர் மற்றொரு சாரார். இந்தச் சொற்போர் மூண்ட இடம் பிரிட்டன். மூட்டிவிட்டது ஒரு தொலைக்காட்சிக் கதை. 1963இல் பி.பி.சி. தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரில், 2014 அக்டோபர் 4 அன்று ஒளிபரப்பான 'கில் தி மூன்' என்பது அதன் பெயர்.

கதை நிகழும் ஆண்டு 2049. நிலவின் எடை கூடிவிடுகிறது, கடல் பொங்கிக் கரையைக் கடக்கிறது, மக்கள் மடிகின்றனர். அணுகுண்டுகளைச் சுமந்துகொண்டு நிலவுக்குச் செல்கின்றனர் விண்வெளி வீரர்கள். காலத்தைக் கடந்து உலவும் டாக்டரும், ஆசிரியை கிளாராவும், அவளுடைய மாணவி கோர்ட்னியும் அங்கே வந்து சேர்கின்றனர். உண்மை வெளிப்படுகிறது: நிலவு என்பது ஒரு முட்டையாம்! உள்ளே குஞ்சு ஒன்று வெளிவரக் காத்திருக்கிறதாம்! அதைக் கொன்று உலகைக் காப்பதா, உயிரை வாழவிட்டு வருவதை ஏற்பதா? முடிவு மனிதர் கையில் என்று கூறி டாக்டர் அகன்றுவிடுகிறார்.

அருமையான வினா, ஐயமில்லை. ஆனால் பார்த்தவர்கள் பொறுமை இழந்தனர். கூடிய எடை சுமார் 130 கோடி டன் என்கிறது கதை. கேட்கப் பெரிதாக இருக்கிறதல்லவா? நிலவின் எடையோ, 73 என்று எழுதிப் பக்கத்தில் 18 சுழியங்கள் இட்டால் வரும் அத்தனை டன்! அதில் இந்த 130 கோடி, ஐயாயிரம் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. இதற்கா கடல் பொங்கும்? மேலும், அந்த எடை எங்கிருந்து வந்தது? கோழிமுட்டைகூட, பொரியும் நாள் நெருங்க நெருங்க எடை குறையுமே தவிரக் கூடுவதில்லை. அதுவும் போகட்டும். பிறந்த குஞ்சு பிறந்த உடனே தன்னையொத்த பருமனில் மற்றொரு முட்டையை இட்டுவிட்டுப் பறந்து போகிறதாம்! 1969 முதல் 1972 வரை ஆறு பயணங்களில் 382 கிலோ நிலவுக் கற்களைக் கொண்டுவந்து உடைத்துப் பார்த்த உலகத்திடம் சொல்லப்படுகிறது இக்கதை.

காவல்துறைப் பெட்டி ஒன்று காலத்தில் பறப்பதை ஏற்றவர்கள் இதற்கு மட்டும் ஏன் முகம் சுளித்தனர் என்று கேட்போர் உண்டு. பெட்டி பறக்கும் என்பது கதையாசிரியர் முதலிலேயே நம்மிடம் கேட்டுப் பெற்ற கடன். கொடுத்தோம். ஆனால் எடை, ஈர்ப்பு, அலை என்று அறிவியலின் பெயரைச் சொல்லி அச்சமூட்டியபின், அந்த அறிவியலையே காற்றில் விடுவது வேறு. அது வாக்குத் தவறுதல். பழங்கதைகளிடம் 'எப்படி?' என்று கேட்கப் பழகிய நாம், நமக்கு இனிக்கும் கதைகளுக்கு மட்டும் விலக்கு அளிப்பது எந்த வகையில் நேர்மை?

எனினும், எடைப் பிழையோடு நின்றுவிட்டவர்கள் பெரிய ஓட்டையைப் பார்க்கவில்லை என்றே எண்ணுகிறேன். கிளாரா உலகத்தாரிடம் பேசுகிறாள். கொல்லலாம் என்போர் விளக்கை அணையுங்கள், வேண்டாம் என்போர் எரியவிடுங்கள் என்கிறாள். உலகம் இருளுகிறது. அவளோ அந்தத் தீர்ப்பை ஒதுக்கிவிட்டுக் குண்டு வெடிக்காமல் தடுத்துவிடுகிறாள்.

யாருடைய தீர்ப்பு அது? நிலவிலிருந்து பார்த்தால் உலகின் ஒரு பாதிதான் தெரியும். மறு பாதியில் வாழ்வோருக்கு வாக்கில்லையா? தெரியும் பாதியிலும், பகல் நிலவும் இடத்தில் விளக்கு எரிந்தாலென்ன, அணைந்தாலென்ன? மின்சாரமே எட்டாத குடிசைக்காரன் எதை அணைப்பான்? ஊர் முழுவதற்குமான மின்விசையை ஒரே கையால் நிறுத்தக்கூடிய அதிகாரி ஒருவன், ஊரார் அத்தனை பேரின் வாக்கையும் தானே போட்டுவிடலாமே! நிலவின் எடையில் நேர்ந்த பிழை கணக்குப் பிழை. இது அறப்பிழை. மக்களைக் கேட்பதுபோல் கேட்டு, விடை பிடிக்கவில்லை என்றதும் தள்ளிவிடும் காட்சியை வீரமென்று காட்டுகிறார்கள்.

"அவள் செய்தது சரியாகத்தானே முடிந்தது? ஓடு உடைந்து உலகில் விழவில்லை, புதிய நிலவும் கிடைத்தது" என்பர். நான் பள்ளி ஆசிரியன். வழியெல்லாம் தவறாக எழுதி, விடையை மட்டும் எப்படியோ சரியாகப் போட்டுவிடும் பையன்கள் என் வகுப்பிலும் உண்டு. மதிப்பெண் கேட்டு வாதாடவும் செய்வார்கள். அதில் மட்டும் வல்லவர்கள்! கிளாராவுக்கு விடையை எழுதிக் கொடுத்தது அந்த இரண்டாவது முட்டை. அது இல்லையேல், நிலவற்ற வானமும் ஓதம் தணிந்த கடலும் அவள் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். முடிவைத் தனக்கேற்ப வளைத்துக்கொண்ட கதையாசிரியர், அவள் ஏற்க வேண்டிய சுமையைத் தாமே இறக்கி வைத்துவிட்டார். சுமை இல்லாத இடத்தில் துணிவுக்கு என்ன வேலை?

கிளாராவேகூட இறுதியில் மகிழவில்லை. தன்னைத் தனியே தவிக்கவிட்ட டாக்டரிடம் சீறி, கண்ணீரோடு வெளியேறுகிறாள். கதை முழுவதிலும் நான் ஐயமின்றி நம்பிய காட்சி அது ஒன்றே. அங்கே எடை பற்றிய பேச்சில்லை, முட்டையில்லை. விடை தெரியாமல் முடிவெடுத்த ஒருத்தியின் நடுக்கம் இருந்தது. அந்த நடுக்கத்தை முன்னரே, விளக்குகள் அணைந்த அந்த நொடியிலேயே, நமக்கும் தந்திருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை, அக்டோபர் 11 அன்று, தொடரின் அடுத்த கதை வந்தது. அதற்கும் கேள்விகள் எழுந்தன.