போனேன், போயிருச்சு

சர்ஜிக்கல் கடைக்காரர் "யாருக்கு சார்?" என்று கேட்டபோது "ஃப்ரெண்டோட அப்பாவுக்கு" என்றேன். அவர் கேட்டது வம்புக்கு அல்ல, அளவு தெரிந்துகொள்ள. நண்பனின் அப்பாவுடைய அளவு எனக்கு எப்படித் தெரியும்? நடுவில் இருப்பதைக் கொடுங்கள் என்று வாங்கி, அவர் முகத்தைப் பார்க்காமலே ஜிபே செய்துவிட்டு வெளியே வந்தேன். எனக்கு 34 வயது. உடலைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேச வேண்டும் என்று நண்பர்கள் கூடுமிடங்களில் நிறையப் பேசியிருக்கிறேன். ஒரு கடைக்காரரிடம் "என் அப்பாவுக்கு" என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பொருள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு மெல்லிய உலோகச் சட்டங்கள். ஒருபக்கம் கீல், மறுபக்கம் படிப்படியாக இறுக்கும் பல்கொக்கி. உள்ளே இருபுறமும் பஞ்சு ரப்பர். ஆண்குறியின் நடுப்பகுதியில் குறுக்காக வைத்து, சொட்டுவது நிற்கும்வரை ஒவ்வொரு பல்லாக இறுக்க வேண்டும். கீழ்ப்பக்க ரப்பரில் இருக்கும் மேடு சிறுநீர்க்குழாயை அழுத்தி மூடும். அவ்வளவுதான் இயந்திரம். கன்னிங்ஹாம் கிளாம்ப் என்று பெயர். அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "துணி காயப்போடுற கிளிப்பு மாதிரியில்ல இருக்கு" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு கிளிப் என்றே பெயர்.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடங்கள் மதுரை - சென்னை இரவு வண்டி. வண்டியை எடுத்தால் அடுத்து நிறுத்துமிடம்வரை அடக்கிக்கொண்டு ஓட்டிப் பழகிய உடம்பு. "பிரேக்கு மேல கால் இருக்கிறவரைக்கும் ஒண்ணுக்கு வராது" என்பார். நாங்கள் சின்ன வயதில் பயணத்தில் "ஒண்ணுக்கு" என்று சிணுங்கினால், "அடக்கத் தெரியாதவன் என்ன ஆம்பள" என்று அதட்டுவார். அந்த வாக்கியம் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியாது. எனக்கு இருக்கிறது.

போன வருடம் அவருக்கு புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆரம்ப நிலை. சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அதுவரை நல்ல செய்தி. பத்து நாள் கழித்து கத்தீட்டரை உருவியபோதுதான் மற்றது தெரிந்தது. சிறுநீர்ப்பைக்குக் கீழே குழாய்க்கு இரண்டு வாசல்கள். மேல் வாசல் தானாக மூடிக்கொள்வது, நம்மைக் கேட்காது. கீழ் வாசல் நாம் நினைத்து இறுக்குவது. புரோஸ்டேட் இருப்பது இரண்டுக்கும் நடுவில். அதை எடுக்கும்போது மேல் வாசலின் வேலையும் பெரும்பாலும் அதோடு போய்விடுகிறது. மிச்சமிருக்கும் கீழ் வாசல் ஒற்றை ஆளாக இரண்டு ஷிஃப்ட் பார்க்க வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது பழகிவிடுகிறது. அப்பாவுக்கு நான்கு மாதமாகியும் பழகவில்லை. படுத்திருந்தால் பிரச்சனையில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தால், இருமினால், தும்மினால் வந்துவிடும். சிரித்தாலும். டிவியில் வடிவேலு வந்தால் சத்தமாகச் சிரிக்கிற மனிதர், வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ரசனை மாறிவிட்டது போல என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

பேட் வாங்கித் தந்தோம். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு. பாதுகாப்பில் கிளிப்பைவிடப் பேட் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதிகபட்சம் தோல் புண்ணாகும், வாடை வரும். ஆனாலும் அப்பா பேட்டை வெறுத்தார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. அவர் பேசுவதைக் கவனித்தபோது காரணம் வினைச்சொல்லில் இருப்பதாகத் தோன்றியது. நாம் "ஒண்ணுக்குப் போனேன்" என்கிறோம். போனது நான். பேட் வைத்திருந்த மாதங்களில் அவர் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. "போயிருச்சு" என்பார். மழை வந்துவிட்டது, கரண்ட் போய்விட்டது என்பதுபோல. அவர் உடம்பில் நடக்கிறது, அவர் செய்யவில்லை. பேட் அந்த வாக்கியத்தை ஏற்றுக்கொள்கிற கருவி. நடந்ததை உறிஞ்சி மறைக்கும், அவ்வளவுதான். மென்பொருளில் பிழை வந்தபின் பிடித்துச் சமாளிக்க எழுதும் நிரல் போல. கிளிப் வந்த முதல் நாள் பாத்ரூமிலிருந்து வெளியே வந்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணுக்குப் போயிட்டு வந்தேன்" என்றார். யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

கிளிப்புக்குச் சட்டங்கள் உண்டு. ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கழற்றி, சிறுநீர் கழித்து, கொஞ்சம் விட்டுத்தான் மாட்ட வேண்டும். மாட்டும் இடத்தைச் சற்று மாற்ற வேண்டும். தூங்கும்போது கூடவே கூடாது. உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் மறதி உள்ளவர்களுக்கும் ஆகாது. குழாயை மட்டும் அழுத்துகிற கருவி இல்லை இது, கூடவே ரத்த ஓட்டத்தையும் அழுத்துகிறது. 2004இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில் 12 ஆண்கள் மூன்று வகை கிளிப்புகளை மாற்றி மாற்றி அணிந்து பார்த்தார்கள். பெரும்பாலோருக்குப் பிடித்தது இந்த கன்னிங்ஹாம்தான். மூன்றில் ரத்த ஓட்டத்தைக் குறைத்ததும் இதுதான். அந்தப் பன்னிரண்டு பேரை எனக்குத் தெரியாது, ஆனால் அவர்கள் என் அப்பாவைப் போன்றவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் செய்யக்கூடியதைச் செய்தேன். அவர் போனில் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும் அலாரம் வைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

திருமங்கலத்தில் அத்தை மகள் நிச்சயதார்த்தம். காலை எட்டரைக்கு மாட்டிக்கொண்டு கிளம்பியவர், மதியம் ஒன்றரைக்குத்தான் கழற்றினார். ஐந்து மணி நேரம். வீடு திரும்பியதும் பாத்ரூமிலிருந்து என்னைக் கூப்பிட்டார். வீங்கி, கிளிப் இருந்த இடத்தில் கன்றிப்போயிருந்தது. அப்பாவின் அந்த உறுப்பை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் பல்லியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மருத்துவர் திட்டினார், இரண்டு வாரம் கிளிப்பைத் தொடக்கூடாது என்றார். நல்லவேளை, அதற்குமேல் ஒன்றுமில்லை.

"அலாரம் அடிக்கலையாப்பா?"

"அடிச்சுச்சு. அமத்திட்டேன். தட்டு மாத்துற நேரம்டா. பெரிய மாமான்னு என்னைய உக்கார வச்சிருக்காங்க. எந்திரிச்சா எங்கேம்பாங்க. என்ன சொல்றது?"

நான் கோபப்பட்டேன். தோல் செத்துப்போயிருந்தால் என்ன செய்வது என்று கத்தினேன். அவர் கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சு மணி நேரம் அதைப் பத்தி நெனைக்காம இருந்தேன்டா. ஆபரேசனுக்கப்புறம் மொதத் தடவ."

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. அவர் விரும்பியது கட்டுப்பாடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் விரும்பியது மறதி. உடம்பு நன்றாக இருப்பது என்றால் உடம்பு இருப்பதே ஞாபகத்தில் இல்லாமல் இருப்பதுதானே. ஆனால் கிளிப் ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கான கருவி. மறந்தவர்களைக் கடித்துவிடும். நான் வைத்த அலாரம் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை, "உனக்கு அது வராது, உனக்கு அது வராது" என்று அவர் சட்டைப்பையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அவர் உடம்பு, அவர் முடிவு என்று விட்டுவிடலாமா? யாருக்காகவாவது வாதாடும்போது இந்த வாக்கியத்தை நான் தயங்காமல் சொல்லியிருக்கிறேன். சொந்த வீட்டில் சொல்லும்போது உறுத்துகிறது. புண்ணுக்கு மருந்து போடப்போவது அம்மா. அதைவிட, சபையில் எழுந்து போனால் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் எடுத்த முடிவை அவருடைய முடிவு என்று சொல்ல முடியுமா? வெட்கம் எடுத்த முடிவு இல்லையா அது? இப்படியும் வாதாடிப் பார்த்தேன். பிறகு, கடையில் நின்ற என்னை நினைத்துக்கொண்டேன். வெட்கத்தில் எடுத்த முடிவெல்லாம் செல்லாது என்றால் என் வாழ்க்கையில் எத்தனை மிஞ்சும்?

இந்த வாக்குவாதத்தை அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் மருத்துவர் சொன்ன அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகும் சரியாகாவிட்டால் செயற்கைச் சுருக்குத்தசை பொருத்தலாம். குழாயைச் சுற்றி நீர் நிரப்பிய வளையம், வயிற்றுக்குள் ஒரு சின்ன பலூன், விதைப்பைக்குள் ஒரு பம்ப். பம்பை அமுக்கினால் வளையம் தளரும், சிறுநீர் போகும், சில நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும். ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் என்ற மருத்துவர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியது. பல லட்சம் ஆகும். பொறியாளனாக எனக்கு அந்த வடிவமைப்பின்மேல் மயக்கமே வந்துவிட்டது. கடன் போட்டாவது செய்யலாம்பா என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா வெங்காயத்தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"உன்னையப் பெத்ததுலருந்து இருமுனா தும்முனா எனக்கும் வரத்தான் செய்யுது. பழைய சேலையக் கிழிச்சு மடிச்சு வச்சுக்கிறேன். இதுக்கு ஒரு மிசினு இருக்குன்னு இன்னைக்குத்தான் கேக்குறேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரே வீட்டில் முப்பத்து நான்கு வருடம்.

"எனக்கு வருது." போனேனும் இல்லை, போயிருச்சும் இல்லை. எனக்குத் தூக்கம் வருது, எனக்குக் காய்ச்சல் வருது என்பதுபோல. அப்பா இழந்ததாக நினைத்த எழுவாய் இடத்தில் அம்மா உட்கார்ந்ததே இல்லை. எனவே அவள் எதையும் இழந்ததாகச் சொல்லவில்லை. இதை ஞானம் என்று புகழ எனக்கு ஆசையாக இருந்தது. இந்தக் கட்டுரையைக்கூட முதலில் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன்: அப்பா கட்டுப்பாட்டில் கண்ணியத்தைத் தேடினார், அம்மா ஏற்றுக்கொள்வதில் கண்டாள் என்று. பொய். எத்தனை கல்யாணங்களில் அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. வெயிலுக்குத் தண்ணி குடிம்மா என்று நான்தான் பாட்டிலை நீட்டுவேன். வேண்டாம்ப்பா என்பாள். அது அவளுடைய கிளிப்.

அப்பாவுக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிக்கு கெகல் என்று பெயர். இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கி விடுவது. யார் இந்த கெகல் என்று தேடினேன். ஆர்னால்ட் கெகல், அமெரிக்கர், பெண்கள் நல மருத்துவர். 1948இல் அவர் இந்தப் பயிற்சியை எழுதியதே பிரசவத்தால் தசை தளர்ந்த பெண்களுக்காக. நான் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அம்மாவுக்காக எழுதப்பட்ட பயிற்சி, அப்பாவுக்குப் புற்றுநோய் வந்ததால் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அப்பா ஓட்டிய பேருந்துகளில் குறள் எழுதிய பலகை இருக்கும். அவருக்கு நிறைய மனப்பாடம். வள்ளுவர் மானத்துக்கு ஓர் அதிகாரம், நாணத்துக்கு ஓர் அதிகாரம் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார். மானத்தில்தான், மயிர் உதிர்ந்தால் உயிரை விடும் கவரிமா வருகிறது. அப்பாவுக்குப் பிடித்தது அது. எனக்கு இப்போது பிடிப்பது நாணுடைமையின் முதல் குறள்: தகாத செயலுக்காக வெட்கப்படுவதே நாணம் என்கிறார். கசிவது செயலல்ல. இந்தக் கதையில் செயல் என்று ஏதாவது இருந்தால், அது நான் கடையில் சொன்னதுதான். ஆனால் அதே குறளின் மறுபாதியில் மற்ற வெட்கங்களையெல்லாம் அழகிய பெண்களின் கணக்கில் எழுதிவிட்டுப் போகிறார். அங்கே எனக்கு வள்ளுவரோடு மனத்தாங்கல். அந்த மிச்ச வெட்கத்தைத்தான் அம்மா சேலைத்துணியில் மடித்து வைத்திருந்தாள்.

அம்மாவைப் பெண் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். வரவேற்பில் "யாருக்கு?" என்றார்கள். "எங்கம்மாவுக்கு" என்றேன். இந்தத் தடவை சொல்ல வந்தது. அவரும் அதே பயிற்சியைத்தான் முதலில் சொன்னார்.

அப்பா கிளிப்பைத் திரும்பவும் மாட்டுகிறார். அலாரத்தை எடுத்துவிட்டேன். விசேஷ வீடுகளுக்குப் பேட், கடைத்தெருவுக்குப் போய்வர கிளிப் என்று அவராகவே ஒரு கணக்கு வைத்திருக்கிறார். எப்போது கழற்றினீர்கள் என்று கேட்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சில நாள் கேட்டும் விடுகிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஹாலில் இரண்டு பேரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். டிவி ஓடும், பார்க்கமாட்டார்கள். ஐந்து எண்ணும்வரை இறுக்க வேண்டும், ஐந்து எண்ணும்வரை விட வேண்டும். எண்ணுவது அப்பாவின் பொறுப்பு. காலமெல்லாம் கண்டக்டர் சொல்லிக் கேட்டவர், இப்போது அவரே சொல்கிறார்: "ஓல்டான்..." ஐந்து நொடி மௌனம். "ரைட்."

மூன்றாவது ஓல்டானில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "சும்மா இருங்க, சிரிச்சா வந்துரும்" என்பாள். அப்பாவும் சிரிப்பார், சத்தமாக.