அப்பம் தின்றவரும் வரி குறைத்தவரும்

2022 மே மாதம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் காஸ் கியூ. வெற்றுச் சிலிண்டர்களை ஒரே சங்கிலியில் கோத்துப் பூட்டிவிட்டு ஆளுக்கு இரண்டு மணிநேரம் காவல் இருந்தோம். என் சிலிண்டருக்கு அடுத்தது பக்கத்து வீட்டுக்காரருடையது. நான் அவரை ‘அய்யா’ என்பேன். சிங்களத்தில் அது அண்ணன், தமிழில் மரியாதை. அவருக்கு இரண்டும் பொருந்தும். அவர் என்னை ‘மல்லி’ என்பார், அதாவது தம்பி.

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச வென்ற மறுநாள் அவர் வீட்டிலிருந்து எங்களுக்குப் பாற்சோறு வந்தது. அந்த மனிதர்தான் கியூவின் மூன்றாம் நாள் சிலிண்டர்மேல் குந்தியிருந்தபடி, “மல்லி, நீங்களெல்லாம் அப்பவே வேண்டாம் எண்டுதானே சொன்னீங்கள்” என்றார்.

‘பார்த்தீர்களா’ என்று கேட்க நா துடித்தது. கேட்கவில்லை. அவருக்கு நான் தரவேண்டிய பழைய கடன் ஒன்று இருந்தது.

அதற்கு 2014 நவம்பருக்குப் போகவேண்டும். மஹிந்த ராஜபக்சவின் அமைச்சரவையில் சுகாதார அமைச்சராகவும் அவர் கட்சியின் பொதுச் செயலாளராகவும் இருந்த மைத்திரிபால சிறிசேன, எதிரணியின் பொது வேட்பாளராக வெளியே வந்தார். முதல் நாள் இரவு மஹிந்தவோடு இருந்து அப்பம் சாப்பிட்டவர் என்பது நாடெல்லாம் பேச்சு. எங்களுக்கு அது ருசியான கதை. உள்ளே இருந்தவனே சொல்கிறான் என்றால் அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தோம். அய்யா அன்று மதிலுக்கு மேலால் சொன்னது இது: “ராத்திரி அப்பம் தின்றவனை விட்டுட்டு விடியக் காலமை போனவன், உங்களோட மட்டும் நிற்பானா?”

மஹிந்தவின் ஆள், வேறென்ன சொல்வார் என்று சிரித்தேன். 2015 ஜனவரி 8 அன்று சிறிசேன 51 வீதத்துக்குச் சற்று மேல் எடுத்து வென்றார். என் வாக்கும் அதில் இருந்தது. 2018 ஒக்டோபர் 26 இரவு, தன்னை வெல்லவைத்த ரணில் விக்கிரமசிங்கவைப் பிரதமர் பதவியிலிருந்து தூக்கிவிட்டு, யாருடைய மேசையிலிருந்து எழுந்து வந்தாரோ அதே மஹிந்தவை அவர் பிரதமராக்கினார். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக அவர் 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று 2023 ஜனவரியில் நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அய்யாவின் அப்பக் கணக்கு சரியாகவே இருந்திருக்கிறது.

இப்போது அவர் பக்கத்துக் கதை. 2019 தேர்தலில் கோட்டாபய பெரிய வரிக்குறைப்புக்கு வாக்குறுதி கொடுத்தார். அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர எதிர்முகாம். இதைச் செய்தால் நாடு வங்குரோத்தாகி இன்னொரு வெனிசுவேலாவோ கிரேக்கமோ ஆகும் என்று தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார். ராஜபக்சக்களை அவர் நன்றாக அறிந்தவர். 2005இல் மஹிந்தவின் தேர்தல் பிரசாரத்தை நடத்தியவர், அவருடைய வெளிநாட்டமைச்சராகவும் இருந்தவர். ஆனாலும் எதிர்முகாம்காரர் வேறென்ன சொல்வார் என்று அய்யாவும் சிரித்தார். கோட்டாபய 69 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளோடு வென்றார். அந்த எண்ணே பின்னாளில் ஒரு கேலிச்சொல் ஆனது. வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறங்கியது. பிறகு கொரோனா வந்தது, இரசாயன உரத்தடை வந்தது. பழி எல்லாவற்றுக்கும் உண்டு. ஆனால் அரசின் வருமானத்தில் முதல் ஓட்டையைப் போட்டது வரிக்குறைப்புத்தான். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. மங்கள அதைப் பார்க்க இருக்கவில்லை. 2021 ஓகஸ்டில் கொரோனாவில் போய்விட்டார்.

ஆக, என் வேட்பாளரைப் பற்றி அவர் சொன்னது சரி. அவர் வேட்பாளரைப் பற்றி எங்கள் பக்கம் சொன்னது சரி. தத்தம் ஆளைப் பற்றித்தான் இருவரும் பிழைவிட்டோம். சொந்தப் பிள்ளையின் கோணற்பல் தாய்க்குத் தெரியாது. அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியும்.

அதற்காக எதிர்முகாம் சொல்வதையெல்லாம் தராசில் வைக்க முடியுமா? முடியாது. முக்கால்வாசி சேறு. பிரிப்பதற்கு எனக்கு இரண்டு கேள்விகள் உதவுகின்றன. முதலாவது, சொல்லப்படுவதைச் சரிபார்க்க முடியுமா என்பது. ‘துரோகி’, ‘நாட்டை விற்பவன்’ என்பவை வசை, எடை இல்லை. இந்த வரியைக் குறைத்தால் இத்தனை வருமானம் போகும் என்பது கணக்கு. எதிரி போட்டாலும் கணக்கு கணக்குத்தான். ஒரு கடதாசியும் பென்சிலும் போதும். ஒருவர் தன்னோடு இருந்தவர்களை எப்படி நடத்தினார் என்பதும் அப்படியே. அது வெளியே தெரிந்த நடத்தை, ஆளுக்கு ஆள் மாறாது.

இரண்டாவது, அதைச் சொல்வதால் சொன்னவருக்கு என்ன நட்டம் என்பது. எதிரியைத் திட்டுவதில் யாருக்கும் நட்டமில்லை. எதிரிக்காக ஒரு நல்ல சொல் சொல்வதற்கு விலை உண்டு. 2008 ஒக்டோபர் 10 அன்று அமெரிக்காவின் மினசோட்டாவில் லேக்வில் என்ற ஊரில், ஒபாமாவை எதிர்த்து ஜனாதிபதித் தேர்தலில் நின்ற ஜோன் மெக்கெயினின் கூட்டம். ஒரு பெண் எழுந்து ஒபாமா ஓர் அரபுக்காரர் என்றார். மெக்கெயின் தலையசைத்து மறுத்து ஒலிவாங்கியை அவரிடமிருந்து வாங்கினார். அப்படியல்ல, அவர் நல்ல குடும்பஸ்தர், இந்நாட்டின் பிரஜை, தனக்கு அவரோடு இருப்பது கொள்கை வேறுபாடு என்றார். ஒபாமாவுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று அதே கூட்டத்தில் சொன்னபோது அவருடைய ஆதரவாளர்களே கூச்சலிட்டார்கள். தன் கூட்டத்தின் கோபத்தை வாங்கிக்கொண்டு சொல்லப்படும் அத்தகைய சொல், மேடைப் புகழ்ச்சி நூறைவிடக் கனமானது.

சிறிசேன விஷயத்தில் இந்த இரண்டாம் கேள்வியும் என்னைக் கைவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அன்று அவர் விலை கொடுத்துத்தான் வெளியே வந்தார். ஒரு நாள் கொடுத்த விலை ஆயுளுக்கும் உத்தரவாதம் ஆகாது.

இவை இரண்டையும் தாண்டி, எதிர்ப்பக்கத்தின் அச்சம் என்று ஒன்று இருக்கிறது. அதன் எடை வேறு. 2019இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு 83 பேருக்கு மேல் அன்னத்துக்கு, அதாவது சஜித் பிரேமதாசவுக்கு, வாக்களித்தார்கள். சஜித்தின் மீது கொண்ட காதல் அல்ல அது. மறுபக்கத்து வேட்பாளர் போர்க்காலத்துப் பாதுகாப்புச் செயலாளர் என்பதுதான் காரணம். தெற்கு அந்த அச்சத்தை இனவாதம் என்று ஒதுக்கியது. ஏன் பயப்படுகிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. சிங்கள மக்களின் வாக்குகளால் மட்டும் வெல்லலாம் என்று அறிந்திருந்ததாக கோட்டாபய அனுராதபுரத்தில் பதவியேற்றபோது சொன்னார். வெல்லலாம், உண்மை. ஆனால் ஆளவேண்டியது வாக்களிக்காதவர்களையும் சேர்த்து. கட்சித் தலைவரைக் கட்சிக்காரர் தெரிவுசெய்தால் போதும். ஜனாதிபதி அப்படியல்ல; அவருடைய கையொப்பம் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டும்.

நம் வாக்குச்சீட்டே இதை நம்மிடம் கேட்கிறது. 1, 2, 3 என்று மூன்று விருப்பு எழுதலாம். உன் ஆள் தோற்றால் யாருடைய ஆட்சியில் உன்னால் வாழ முடியும் என்பதுதான் இரண்டாம் விருப்பின் பொருள். 1982இல் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலிலிருந்து வென்ற எல்லாரும் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டியதால், அந்த 2 எண்ணப்படாமலே கிடந்தது. 2024இல்தான் யாரும் பாதியைத் தொடவில்லை. அநுர குமார திசாநாயக்க, சஜித் ஆகிய முதல் இருவருக்கும் விழாத வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றில் அந்த இருவரில் ஒருவருக்கு ஏறியவை சுமார் 2 இலட்சத்து 73 ஆயிரம். மிச்சம் 30 இலட்சம் சீட்டுகளில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வாக்களித்துவிட்டு வந்த அன்று பின்னேரம் மதிலடியில் அய்யாவிடம் கேட்டேன்: “இரண்டு போட்டீங்களா?”

“இல்லை மல்லி. ஒண்டோட நிப்பாட்டிட்டன். நீங்கள்?”

நானும் ஒன்றோடு நிறுத்தியிருந்தேன்.

அடுத்த தேர்தலுக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வேட்பாளருக்கு ஒருபோதும் வாக்களிக்காத ஒருவரிடம், அவர் வந்தால் உமக்கு என்ன பயம் என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். வசையைக் கழித்துவிட்டு, சரிபார்க்கக்கூடிய ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சரிபாருங்கள். அதன் பிறகும் உங்கள் 1 அதே பெட்டியில் விழலாம், விழட்டும். ஆனால் 2ஐயும் எழுதிவிட்டு வாருங்கள்.