கிணற்றுக்குள் குடியிருப்பவர்கள்

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்திலுள்ள திருவேங்கடத்துக்காரர்களுக்கு அந்தக் கோயிலின் புற்றுமண் புதிதல்ல. கோமதி அம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் அதைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். கோயிலுக்குள் இருக்கும் நாகசுனையைத் தோண்டியவர்கள் சங்கன், பதுமன் என்ற நாக அரசர்கள் என்பது ஐதீகம். ஆறாம் நூற்றாண்டின் வானியல் அறிஞர் வராகமிகிரரும் நிலத்தடி நீருக்கு அடையாளம் சொல்லும்போது கறையான் புற்றைத்தான் காட்டுகிறார். தரைக்கு அடியில் தண்ணீரும் உயிரும் சேர்ந்தே இருக்கின்றன என்ற நம்பிக்கை கரிசல் சீமைக்குப் பழையது.

பக்கத்துக் கழுகுமலையில் பாறையெங்கும் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய சமணர்கள் இதை ஒழுக்கமாகவே ஆக்கினார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தால் மட்டும் போதாது. துணியில் தங்கியதை அலசி, எடுத்த கிணற்றிலேயே திரும்ப விடவேண்டும். வேறு தண்ணீரில் விட்டால் அந்த உயிர் பிழைக்காது என்பது அவர்கள் கணக்கு.

ராணிப்பேட்டைக்கு இந்தக் கணக்கு இன்று தேவைப்படுகிறது. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை வெட்டவெளியில் குவித்துவிட்டுப் போனது. மழை பெய்தால் குவியலில் இருந்து மஞ்சள் தண்ணீர் கசியும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் அது. தண்ணீரில் கரைந்து நிலத்துக்குள் நெடுந்தூரம் போகும். சில கிலோமீட்டரில் பாலாறு.

இப்படிப்பட்ட இடத்தைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, இந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்பது. குழாய்த் தண்ணீர் வந்து, யாரும் கிணற்றைத் தொடுவதில்லை என்றால் ஆபத்து தாளில் குறைந்துவிடும். தண்ணீரில் விஷம் அப்படியே இருக்கும்.

இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் குரோமியம் வரை அனுமதிக்கிறது. நன்னீர் உயிர்களைத் தொடர்ந்து காக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு வைத்திருக்கும் அளவோ 11 மைக்ரோகிராம். மனிதன் குடிக்கலாம் என்று சான்றிதழ் பெற்ற ஊற்றுநீரே நீர்த்தெள்ளுப்பூச்சிக்கு நஞ்சாகலாம். அந்தப் பூச்சியை நம்பித்தான் மீன்குஞ்சு இருக்கிறது.

சுத்தப்படுத்தும் வேலையிலும் ஆபத்து உண்டு. இடைவிடாமல் பம்ப் செய்தால் நீர்மட்டம் இறங்கி மரங்களின் வேர் வறளும். குரோமியத்தை முடக்க வெல்லப்பாகு போன்றவற்றை நிலத்துக்குள் செலுத்தினால் ஆக்சிஜன் தீர்ந்து, மண்ணோடு ஒட்டியிருந்த மாங்கனீசும் ஆர்செனிக்கும் கரைந்து வெளிவரலாம்.

மனிதருக்கே நல்ல தண்ணீர் கிடைக்காதபோது பூச்சிக்குக் கவலைப்படுவதா? நியாயமான கோபம்தான். ஆனால் கேரளத்துச் செம்பாறைக் கிணறுகளில் கண்ணில்லாத, இளஞ்சிவப்பான சிறு கெளுத்தி மீன்கள் வாழ்கின்றன. நாம் தண்ணீர் இறைக்கும்போது எப்போதாவது மேலே வந்துவிடும். அவற்றுக்குக் கிணறுதான் உலகம். நமக்கு டேங்கர் வரும், அவற்றுக்கு வராது. மாற்று வழியே இல்லாத உயிருக்குத்தான் கடமை கூடுதல்.

1996இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்பதையும் நாட்டின் சட்டமாக ஏற்றது. பாலாற்றங்கரைக்கு அந்தத் தீர்ப்பு முழுதாகப் பொருந்தவேண்டுமானால், குடிநீர் அளவு எட்டியதும் சுத்திகரிப்பை நிறுத்தக்கூடாது. நிலத்தடி நீர் ஆற்று மணலுக்குள் கசியும் இடத்தில் அளந்து, அங்கு வாழும் உயிர்களுக்கான அளவு வரும்வரை வேலை நடக்கவேண்டும்.