விலையைப் பார், லாபத்தையும் பார்

புணேயின் பாணேரில் குடியிருந்து ஹிஞ்சவடிக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர், சம்பளம் வந்ததும் எஸ்.ஐ.பி. என்ற மாதாந்திர ஃபண்ட் முதலீட்டைக் கட்டிவிடுகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் போனஸ் மொத்தமாகக் கைக்கு வரும்போது, பங்கில் எவ்வளவு, வைப்புநிதியில் எவ்வளவு என்பதை அக்கம்பக்கத்துப் பேச்சே முடிவு செய்துவிடுகிறது.

அந்தப் பேச்சுக்குப் பதில் ஓர் எண்ணைப் பார்க்கலாம். ஐம்பது பெரிய நிறுவனங்களின் குறியீடான நிஃப்டி 50-இன் பி.இ. விகிதத்தை, அதாவது ஒரு ரூபாய் ஆண்டு லாபத்துக்குச் சந்தை எத்தனை ரூபாய் விலை தருகிறது என்பதை, தேசியப் பங்குச்சந்தை அன்றாடம் வெளியிடுகிறது. 2008 ஜனவரியில் அது 27-ஐத் தாண்டி நின்றது, வாங்கப் போட்டி. அதே ஆண்டு அக்டோபரில் 12-க்கும் கீழே வந்தது, எல்லோருக்கும் பயம்.

அதற்காக அந்த எண்ணை வேதவாக்காகக் கொள்ளவும் கூடாது. கொரோனாவில் லாபம் சரிந்ததால் 2021 தொடக்கத்தில் பி.இ. 40-ஐத் தொட்டது. துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்க்கும் கணக்குமுறை அந்த மார்ச் இறுதியில் வந்ததும், ஒரே நாளில் 33 அளவுக்கு இறங்கியது. சந்தை சரிந்ததால் அல்ல. பழைய சராசரியோடு இன்றைய எண்ணை ஒப்பிடுகிற பலர் இந்தக் கணக்குமுறை மாற்றத்தை மறந்துவிடுகிறார்கள்.

எனவே விலைக்கும் புத்தக மதிப்புக்கும் உள்ள விகிதம், ஈவுத்தொகை விகிதம் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். பி.இ. ஏறிவிட்டதென்று மொத்தத்தையும் விற்காதீர்கள். பங்கில் 70 சதவீதம் இருந்தால் 60 ஆக்குங்கள், மலிந்தால் கூட்டுங்கள். மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் கல்லூரிக் கட்டணத்தை மட்டும், எந்த விகிதம் எப்படி இருந்தாலும், பங்கில் போடாதீர்கள்.