ஷிஃப்ட் சட்டையின் பை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் சிலர் சட்டைப் பையில் சூயிங்கம் வைத்திருப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொருகும்போது மெல்லத்தான். சில்லறைக்குப் பதிலாகக் கடைக்காரர் நீட்டியதும் அதே பையில் சேரும். காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், அந்தப் பையைத் துழாவுவது மூன்று வயதுக் கை. "ஒண்ணே ஒண்ணுப்பா..." ராத்திரி முழுக்கப் பிரிந்திருந்த அப்பாவுக்கு மறுக்க மனம் வராது. ஆனாலும் கொடுக்க வேண்டாம்.

விழுங்கினால் குடலில் ஒட்டிக்கொள்ளும் என்று பாட்டி மிரட்டுவார். அப்படி ஒட்டாது. கம்மின் பசை செரிக்காதே தவிர, சில நாளில் மலத்தோடு போய்விடும். தினமும் விழுங்கினால்தான் வம்பு. 1998-இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு சிறுவனைப் பற்றி எழுதியிருந்தார்கள். நாளுக்கு ஐந்து முதல் ஏழு கம் விழுங்கி, இரண்டு வருஷம் மலச்சிக்கலில் தவித்தவன். மலக்குடலில் திரண்டிருந்த கம்மை மருத்துவர்கள்தான் எடுத்தார்கள்.

நான் பயப்படுவது தொண்டையை நினைத்து. சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாய் குறுகல். மென்ற கம் மெத்தென்று வளைந்து அதை அடைத்துக்கொள்ளும். இருமினாலும் லேசில் வராது. வாயில் வைத்துக்கொண்டே ஓடும், சிரிக்கும் வயது வேறு. அடைத்துக் குரலே எழும்பாவிட்டால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளையை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

ஐந்து வயது ஆகட்டும் என்பதே குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. வயதோடு இன்னொன்றையும் பார்ப்பேன்: பல் துலக்கும் நுரையை விழுங்காமல் துப்புகிறதா? பொங்கல் கரும்பில் சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் தானாகத் துப்புகிறதா? அப்படியென்றால் சர்க்கரை இல்லாத கம் ஒன்று, உட்கார்ந்தபடி, உங்கள் கண்ணெதிரே.

அதுவரை வாசலிலேயே பையைக் காலி செய்து, எட்டாத தட்டில் வைத்துவிடுங்கள். அந்தச் சின்னக் கைக்கு, வரும் வழியில் வாங்கிய வாழைப்பழம் ஒன்று இருக்கட்டும்.