அண்டை வீடும் அறமும்

ஏழைக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பதில் இன்று கருத்து வேற்றுமை இல்லை. அந்த வீடு எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால்தான் நம்மில் பலர் மௌனமாகிவிடுகிறோம். "எங்காவது இருக்கட்டும், நம் தெருவில் வேண்டாம்" என்பதே அந்த மௌனத்தின் பொருள்.

மன்னார்குடி, கூத்தாநல்லூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் செல்வோரை ஏற்கும் சென்னை மாநகரையே எடுத்துக்கொள்வோம். 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. தொடக்க நாள்களில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் பல எழுந்தன. பின்னாளில் அந்நிலை மாறியது. 2000 முதல் நகரின் தென்கோடியில் கண்ணகி நகர் உருவாகி, 15,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கே குடிவைக்கப்பட்டன. செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் அதைத் தொடர்ந்தன. கூரை கிடைத்தது; ஆனால் வீட்டு வேலைக்குச் சென்ற பெண் தன் வேலையைத் தொலைத்தாள்; பிள்ளைகள் பள்ளியைத் தொலைத்தனர். வேலை கேட்டுச் செல்லும் இளைஞனுக்கு அவனுடைய முகவரியே தடையாயிற்று.

வேறொரு வழியையும் அதே நகரம் கண்டிருக்கிறது. 1977-இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகள் பிரிக்கப்பட்டன. ஏழைகளுக்கான சிறு மனைகளும், நடுத்தர மக்களுக்கும் வசதி படைத்தோருக்குமான மனைகளும், கடை மனைகளும் ஒரே குடியிருப்பில் அமைந்தன. பெரிய மனைகளை விற்றதில் மிஞ்சிய தொகை சிறிய மனைகளின் விலையைக் குறைத்தது. வாங்கியோர் கைக்கு வந்தபோதெல்லாம் கொஞ்சங்கொஞ்சமாகக் கட்டிக்கொண்டனர். இந்தூரில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி வகுத்த 'ஆரண்யா' குடியிருப்பும் இம்முறையைச் சார்ந்ததே. ஏறத்தாழ 6,500 மனைகள் கொண்ட அது, 1995-இல் ஆகா கான் கட்டடக் கலை விருது பெற்றது.

"நான் உழைத்துச் சேர்த்த பணம் அடுத்தவன் மனைக்கு ஏன் போகவேண்டும்?" என்று செல்வர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய மனையின் மதிப்பு அவர் உழைப்பால் மட்டும் உயர்ந்ததா? சாலையும் குடிநீரும் பேருந்தும் ஊரார் அனைவரின் பணத்தால் வந்தவை. விடியற்காலையில் அவர் வீட்டு வாசலைப் பெருக்க வருபவள் இல்லாமல் அவர் வாழ்வு ஓடாது. அவளுடைய உழைப்பை வரவேற்கும் தெரு, அவள் இரவில் உறங்க இடம் தர மறுப்பது எந்த நீதி?

ஏழைகள் மனையை விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்பது மற்றொரு வாதம். நோயும் கடனும் நெருக்கும்போது அப்படி நேர்வதுண்டு. அதற்கு மருந்து, நிலையான வேலையும் வட்டியில்லாக் கடனும் அவர்களுக்கு எட்டும்படிச் செய்வதே. அவர்களை ஊருக்கு வெளியே அனுப்புவதன்று.

நம் காவிரிப் படுகையும் இப்பாடத்தை அறிந்ததே. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலியாளுக்கு, கூலி உயர்வு கேட்டால் குடியிருப்பே போய்விடும் என்ற அச்சம் இருந்தது. 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம் அந்த மண்ணை அவனுக்கே உரிமையாக்கியது. எனினும் தெருக்கள் தனித்தனியாகவே நின்றன. பல சாதியாரும் கலந்து வாழும்படி நூறு நூறு வீடுகளாகச் சமத்துவபுரங்களைக் கட்ட 1997-இல் அரசு திட்டமிட நேர்ந்தது அதனால்தான்.

நம் மஹல்லாக்களையும் எண்ணிப் பார்ப்போம். பழைய தெருக்களில் கடல் கடந்து பொருளீட்டியவர் வீட்டுக்கு அருகிலேயே பாய் முடைபவரின் வீடும் இருந்தது. எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது கேளாமலே தெரிந்தது. இன்று வசதி வந்ததும் ஊருக்கு வெளியே புதிய நகர்களில் மதில் எழுப்பிக் குடிபோகிறோம். ஜகாத் பணம் ஏழையைத் தேடிச் செல்லலாம். நலம் விசாரிக்கும் குரல் அவ்வளவு தூரம் செல்வதில்லை. பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் வரிசை, வாசற்படி தாண்டியதும் கலைந்துவிடுகிறது.

பெயரைக் கேட்டவுடன் வாடகைக்கு வீடு மறுக்கப்படும் வேதனையை நம்மவர் பலர் நகரங்களில் அனுபவித்திருக்கின்றனர். அதே வேதனையை, வறுமையைக் காரணம் காட்டி, இன்னொருவருக்கு நாம் தரலாமா? மனை பிரித்து விற்கும் நம் செல்வர்கள் அவற்றுள் சிலவற்றையேனும் எளியோர்க்கு எட்டும் விலையில் ஒதுக்கட்டும். அவை கடைசி மூலையில் ஒதுங்கிக் கிடக்காமல், தம் வீட்டுச் சுவரை ஒட்டியே அமையட்டும்.