பிரித்துத் தைப்பது

என் அக்கா, பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, துண்டுத் துணிகளைச் சேர்த்து விரிப்புகள் தைத்துக்கொண்டிருக்கிறாள். தன் ரவிக்கைகளையும் பேத்தியின் பாவாடை சட்டைகளையும் அவளே வெட்டித் தைக்கிறாள். தேவை காரணமாக அல்ல. கடையில் அதைவிடச் சல்லிசாகக் கிடைக்கும். அவளுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் ஒரு கட்டுரைக்கான விஷயம் இருக்கிறதா என்று எனக்கே முதலில் சந்தேகம். வேறு ஊராக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அவள் இருப்பது குமாரபாளையத்தில்.

காவிரியின் கிழக்குக் கரையில், பவானிக்கு நேர் எதிரே இருக்கிறது ஊர். அக்கரையில் ஜமக்காளம், இக்கரையில் லுங்கியும் துண்டும். விசைத்தறிச் சத்தம் தெருவின் பின்னணி என்று சொல்வது தவறு. தெருதான் அந்தச் சத்தத்துக்குப் பின்னணியாக இருக்கிறது. தறி ஓட்டுகிறவர், தார் சுற்றுகிறவர், பாவு பிணைக்கிறவர் என்று நூலைத் தொட்டுத்தான் பெரும்பாலான வீடுகளில் அடுப்பு எரிகிறது. கூலி, இறங்கிய துணியின் கணக்கில். அதற்கும் முன்னால் வாங்கிய முன்பணம் என்று ஒன்று இருக்கிறது; பட்டறை மாற வேண்டுமானால் அதை அடைத்துவிட்டு மாற வேண்டும், அல்லது புதிய முதலாளி அடைக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, சந்தோஷத்துக்காகத் துணியோடு மல்லாடிக்கொண்டிருப்பது ஒரு கேள்வியை எழுப்பாமல் இருக்காது.

எழுப்பியவர் என் நண்பர். தொழிற்சங்கத்தில் பல வருஷம் அலைந்தவர். "பிரெஞ்சு ராணி மாரி அந்த்வானெத் 1783-ல் வெர்சேய் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு கிராமத்தைக் கட்டச் சொன்னாள். அங்கே பசு உண்டு, பால்பண்ணை உண்டு. குடியானவப் பெண் மாதிரி எளிய உடுப்பில் உலாவுவாள். உங்கள் அக்கா பண்ணுவது அதன் குமாரபாளையப் பதிப்பு" என்றார். இன்னொருவனின் உழைப்பை விளையாட்டாக நடித்துக் காட்டுவது அந்த உழைப்பை அவமதிப்பது என்பது அவர் கட்சி. நான் உடனே மறுத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது என் மறுப்பில் பலமில்லை என்று பட்டது. ஓய்வூதியம் வருகிற வீட்டில்தான் திண்ணையும் சாயங்காலமும் இருக்கின்றன.

நம் பத்திரிகைகள் இந்த வேலைக்கு வைத்த பெயர் 'பொழுதுபோக்கு'. இதைவிட மோசமான சொல்லைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பொழுது என்பது போக்கித் தொலைக்க வேண்டிய ஒன்று என்ற பார்வை அதற்குள் இருக்கிறது. பெண்கள் பத்திரிகைகள் 'கைவேலை' என்று கடைசிப் பக்கங்களை ஒதுக்கி, பழைய சேலையில் தலையணை உறை செய்வது எப்படி என்று சொல்லித் தரும்போது, பெண்ணின் பொழுதுக்கு வேறு பயன் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லித் தருகின்றன. ஆனால் அக்கா செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை.

பாவு மாறும் இடத்திலும் இழை தவறிய இடத்திலும் வெட்டிப் போட்ட துண்டுகளை எடைக்கு வாங்கி வருகிறாள். முதலில் எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறப்போடுவாள். சாயம் இறங்குகிறதா, சுருங்குகிறதா என்று தெரியவேண்டும். இல்லாவிட்டால் தைத்து முடித்து முதல் துவைப்பில் ஒரு சிவப்பு முழு விரிப்பையும் கெடுத்துவிடும். அட்டையில் வெட்டிய சதுரத்தை வைத்துப் பென்சிலால் கோடு போடுவாள். கட்டம்போட்ட லுங்கித் துணி என்றால், இரண்டு துண்டு சேருமிடத்தில் கட்டம் கட்டத்தோடு சேர வேண்டும். பாவு வாக்கில் வெட்டியது நிற்கும், குறுக்கு வாக்கில் வெட்டியது கொஞ்சம் கொடுக்கும், மூலைவாட்டில் வெட்டியதோ இழுத்த இழுப்புக்கு வரும். நான்கு துண்டுகள் கூடும் மூலையில் ஒரு நூல் பிசகினாலும், தச்சன் கணக்கில் அரைக்கால் அங்குலம், கண் நேராக அங்கேதான் போய் நிற்கும். மேல்துணி சேர்ந்த பிறகு, நடுவில் பழைய போர்வை, அடியில் நைந்த பருத்திச் சேலை. மூன்றையும் பிணைத்துக் கையால் ஓட்டுத் தையல். மாதங்கள் ஆகும். பாதி நேரம் தைப்பதில் போவதில்லை. தைத்ததைப் பிரிப்பதில் போகிறது. பிளேடு முனையால் ஒரு இழையை நெம்பி அறுத்து, துணி கிழியாமல் உருவி எடுப்பாள். அலுத்துக்கொள்வாள், கண் வலிக்கிறது என்பாள். மறுபடியும் அதையே செய்வாள். பொழுதைப் போக்க நினைக்கிறவள் செய்கிற காரியமல்ல இது.

தையல் மிஷினைப் பற்றி காந்தி சொன்னது இங்கே ஞாபகம் வருகிறது. 1924-ல் டில்லியில் சாந்திநிகேதனத்து மாணவர் ராமச்சந்திரன் - பின்னாளில், 1947-ல், சௌந்தரம் அம்மையாரோடு திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவியவர் - நீங்கள் எல்லா யந்திரங்களுக்கும் எதிரியா என்று காந்தியைக் கேட்டார். காந்தி அறிவார்ந்த விதிவிலக்கு என்று ஒன்றைக் காட்டினார்: சிங்கர் தையல் மிஷின். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்த சிங்கர், அவள்மீது கொண்ட அன்பினால் அதைப் படைத்தார் என்றார். அந்த மிஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே என்று மாணவர் மடக்க, அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் தேசத்தின் உடைமையாக இருக்க வேண்டும் என்று காந்தி பதில் சொன்னதும் பதிவாகியிருக்கிறது.

உண்மை வேறு. ஐசக் சிங்கர் நாடக நடிகராக அலைந்தவர். பல பெண்களோடு பல குடும்பங்கள், இருபதுக்கு மேல் குழந்தைகள். 1851-ல் அவர் காப்புரிமை பெற்ற மிஷின், ஏற்கனவே இருந்தவற்றைத் திருத்தி அமைத்தது. 1846-லேயே காப்புரிமை வாங்கியிருந்த எலியாஸ் ஹோவ் வழக்குப் போட்டு அவரிடம் பணம் வாங்கினார். மனைவியின்மேல் அன்பு என்பதற்கெல்லாம் இடமில்லாத சரித்திரம். அந்தக் கம்பெனி உலகத்துக்குத் தந்த இன்னொரு கண்டுபிடிப்பு 1856-ல் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் கொண்டுவந்த தவணை முறை. மிஷின் வீட்டுக்குள் வந்தபோது கடனும் கூடவே வந்தது.

காந்தி ஏமாந்தார் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதை பொய்யாக இருக்கட்டும். ஒரு யந்திரத்தை மதிப்பிட அது யாருடைய கைக்கு, எந்த மனநிலையில் போய்ச் சேருகிறது என்று அவர் பார்த்தார். அந்தக் கேள்வியைத்தான் தமிழ்நாட்டு மிஷினிடமும் கேட்க வேண்டும். நம்மிடம் அது எப்படி வந்தது? நம் சினிமாவில் கதாநாயகனின் அப்பா செத்த அடுத்த காட்சியில் அம்மா மிஷின் மிதிக்கிறாள். சக்கரம் சுற்றச் சுற்றப் பையன் வளர்ந்துவிடுகிறான். அரசாங்கமும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஆதரவற்ற விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் இலவச மிஷின் வழங்குகிறது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் ஆண் இல்லாத இடத்தை நிரப்பும் பொருளாகத்தான் மிஷின் நம் மனதில் பதிந்திருக்கிறது. அதில் ஒருத்தி தன் இஷ்டத்துக்கு உட்காரலாம் என்பது நமக்குக் கொஞ்சம் அசௌகரியமாகவே இருக்கிறது. நண்பரின் கோபத்தில் இந்த அசௌகரியமும் ஒரு பங்கு கலந்திருக்கிறதோ என்று நினைக்கிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிவரை சதுரங்கம் ஆடுகிற ஆணை வெர்சேய்க்கு யாரும் அனுப்புவதில்லை.

இந்தப் பத்திரிகையை எழுதி, மெய்ப்புத் திருத்தி, மடித்து, தபாலில் சேர்க்கிறவர்களையும் இதே கேள்வி கேட்கலாம். அச்சகத்துக்காரருக்குக் கூலி உண்டு, நமக்கு இல்லை. நாம் எதை நடித்துக்கொண்டிருக்கிறோம்?

ஒட்டுத்துணி நம்மிடையே பழையது. புறநானூற்றின் 136-ஆம் பாட்டில் துறையூர் ஓடைகிழார் ஒரு கந்தையைக் காட்டுகிறார். தைத்துத் தைத்து இழை ஓடிய அந்தத் துணியின் தையல் இடுக்குகளில் பேன் குடியிருக்கிறது. அதில் அழகு எதுவும் இல்லை. அதை உடுத்தியவன் ஆய் அண்டிரனிடம் பரிசில் கேட்டு வந்து நிற்கிறான். பௌத்த விநய நூல்களில் வருவது இன்னொரு கந்தை. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, இதுபோல் துறவிகளுக்கு ஆடை அமைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்க, அவர் துண்டுகளை வரப்பு வரப்பாகச் சேர்த்துத் தைத்தார். வெட்டுப்பட்ட துணிக்கு யாரும் ஆசைப்பட மாட்டார்கள் என்பதும் அதில் ஒரு கணக்கு. ஊசி ஒன்றுதான், தையலும் ஒன்றுதான். ஒருவன்மேல் கந்தை விழுந்தது, இன்னொருவன் எடுத்து உடுத்தினான். நண்பரின் வாதம் இந்த வித்தியாசத்தில் நிற்கிறது: தேர்ந்தெடுக்க முடிந்தவனின் கந்தை, தேர்ந்தெடுக்க முடியாதவனை வைத்து நடத்தும் வேடம்.

ஆனால் இந்தப் பிரிவினை அவ்வளவு சுத்தமாக விழுகிறதா? கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியான சித்தி மக்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் பழந்துணியில் 'கவந்தி' தைக்கிறார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான். ஆனாலும் மூலைகளில் முக்கோணமாக மடித்த துண்டுகளை வைத்துத் தைத்து அவற்றைப் பூ என்கிறார்கள். பூ இல்லாவிட்டாலும் குளிர் தாங்கும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற கிராமத்தில் நடந்தது இன்னும் துல்லியமானது. அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், ஓட்டை வீடுகளில் காற்றைத் தடுக்க வேலைக்குப் போட்டுக் கிழிந்த துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். 1966-ல் அந்தப் பகுதியில் ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். 1972-ல் ஸீயர்ஸ் என்ற பெரிய வியாபாரக் கம்பெனி, கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் வேலையைக் கொடுத்தது. ஒன்றைப்போல் ஒன்று இருக்க வேண்டும். அதில் தன் இஷ்டம் என்பதற்கு இடமே இல்லை. வருமானம் வந்தது. மிஞ்சிய வெட்டுத் துணிகளை அந்தப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போய், தங்களுக்குத் தோன்றியபடி கோணலும் மாணலுமாக, பச்சையும் துருச்சிவப்புமாகத் தைத்தார்கள். 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் அந்த ஊர் விரிப்புகளைச் சுவரில் மாட்டினார்கள். நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டு எழுதினார்கள். அந்த ஒப்பீடு எனக்கு முக்கியமில்லை. பகல் முழுக்கக் கூலிக்குத் தைத்தவள் ராத்திரி மறுபடியும் ஊசியை எடுத்தாள், அதே துணியின் மிச்சத்தில். அவள் யாரை நடித்துக் காட்டினாள்? தன்னையா?

அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெண் உள்பாவாடை தைக்கிறாள். வெட்டிய துணி மூட்டையாக வரும், தைத்து மூட்டையாகப் போகும். டஜன் கணக்கில் கூலி. நூல் அவள் செலவு. கோணல் என்று திரும்பி வந்தால் பிரித்துத் தைத்துத் தர வேண்டும், அதற்குக் கூலி கிடையாது. ஆகவே திரும்பி வராத அளவுக்கு ஒழுங்கும், அதற்கு மேல் ஒரு இழைகூட ஒழுங்கில்லாமலும் தைக்கக் கற்றிருக்கிறாள். இது சாமர்த்தியம்தான். ஆனால் இந்தச் சாமர்த்தியத்தில் அவள் எதைக் கொடுத்துவிட்டிருக்கிறாள் என்று யோசிக்கிறேன். அக்காவின் சந்தோஷம் வர்ணத்திலோ வடிவத்திலோ இருப்பதாக நான் முன்பு நினைத்திருந்தேன். இப்போது அது பிரிக்க முடிவதில் இருப்பதாகத் தோன்றுகிறது. தவறைத் தவறென்று கண்டு, அதற்கு யாரிடமும் அபராதம் கட்டாமல், மறுபடியும் ஆரம்பிக்க நேரம் இருப்பதில். நண்பரிடம் இதைச் சொன்னேன். "சரி, அந்த நேரம் எங்கிருந்து வந்தது?" என்றார். அதற்கும் பதில் இல்லை. எடைக்கு வாங்கும் துண்டுத் துணி சல்லிசாகக் கிடைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு; இழை தவறிய அந்த மீட்டருக்குக் கூலி பிடித்திருப்பார்கள்.

ஒருநாள் அந்தப் பெண் விரிப்பைப் பார்த்துவிட்டு, "ஏனுங் டீச்சர், இதைக் குடுத்தா எவ்வளவு கெடைக்குமுங்க?" என்று கேட்டாளாம்.

"விக்கறதுக்கில்ல அம்மிணி. சும்மாதான் தைக்கறேன்."

"சும்மாவா?"

கேலி இல்லை அந்தக் குரலில் என்றாள் அக்கா. கணக்குப் புரியாத குரல். பிறகு குனிந்து ஒரு மூலையை விரலால் தடவி, "இந்த எடத்துல ஏறி நிக்குதுங்களே" என்றாள். அக்காவுக்கே தெரியும் அது. கண் ஒத்துழைக்கவில்லை என்று விட்டுவைத்திருந்தாள். அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். பிளேடை எடுத்து அந்த மூலையைப் பிரித்தாள். நான்கு துண்டுகளையும் நகத்தால் நீவி, ஊசியில் நூல் கோத்து, உள்பாவாடைக்கு ஒருநாளும் போடாத நெருக்கத்தில் தையல் போட்டாள். திருப்பிப் பார்த்தாள். பிடிக்காமல் மறுபடியும் பிரித்தாள். யாரும் சொல்லவில்லை. அரைமணிக்கு மேல் ஆகியிருக்கும்.

அக்கா அன்று ராத்திரி எனக்குப் போன் பண்ணினாள். பணம் கொடுப்பதா என்பது அவள் பிரச்சனை. கொடுத்தால் அதுவும் இன்னொரு கூலி வேலையாகிவிடும். கொடுக்காவிட்டால், அரைமணி நேரத்துக்கு விலை உள்ள ஒருத்தியிடமிருந்து அதைச் சும்மா வாங்கிக்கொண்டதாகிவிடும். என்ன செய்யட்டும் என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் அவள் ஒரு பை நிறையத் துண்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் பையைக் கொட்டிக் கிளறி, ஒரே ஒரு பச்சைத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மூட்டை எடுக்க வந்த பையன் அப்போதுதான் வண்டியை நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு உருப்படி குறைகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டான்.